154ஆம் பிரிவும் அண்டை நாட்டு வாக்குப்பெட்டியும்

ஈரான் இஸ்லாமியக் குடியரசின் அரசியல் சட்டத்தில் 154ஆம் பிரிவு மிகச் சிறியது. மனித சமுதாயம் முழுவதும் நலமுற்று வாழ்வதே குடியரசின் இலட்சியம் என்றும், விடுதலையும் நீதியும் உலக மக்கள் அனைவரின் உரிமை என்றும் அது தொடங்குகிறது. அடுத்து வருவதே நம் கவனத்துக்குரியது. பிற நாடுகளின் உள்விவகாரங்களில் எவ்வகைத் தலையீட்டையும் முற்றாகத் தவிர்த்துக்கொண்டே, உலகின் எந்த மூலையிலும் முஸ்தக்பிரீன்களுக்கு எதிராக முஸ்தழ்அஃபீன்கள் நடத்தும் நியாயமான போராட்டத்தைக் குடியரசு ஆதரிக்கும் என்பது அதன் கருத்து. இரண்டும் திருமறையிலிருந்து எடுத்தாளப்பட்ட சொற்கள். ஆணவம் கொண்டோர், நலிவுறுத்தப்பட்டோர் எனத் தமிழில் கூறலாம். தலையிடாதே என்பதும் துணை நில் என்பதும் ஒரே வாக்கியத்துக்குள் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

அண்டை நாட்டில் தேர்தல் வரும்போது இவ்வாக்கியத்தின் எந்தப் பாதி ஆட்சி செய்கிறது? அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை, அதை இயற்றியவர்களின் பிற்கால நடத்தையோடு சேர்த்துவைத்துப் படித்தால் இதற்கு விடை கிடைக்கும். இத்தகைய வாசிப்பு நம்மிடையே அரிது. மேலை நாடுகளின் தலையீடுகள் குறித்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம், எழுதியதும் நியாயமே. ஆனால் ஒரு முஸ்லிம் அரசு இன்னொரு முஸ்லிம் நாட்டின் தேர்தலில் கை வைக்கும்போது நம் பேனா தயங்கி நின்றுவிடுகிறது.

முதற்பாதியின் பிறப்பை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1953 ஆகஸ்டில் முஹம்மது முஸத்திக்கின் அரசு கவிழ்க்கப்பட்டது. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய குற்றத்துக்காக அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கூடி நடத்திய சதி அது. தன் பங்கை அமெரிக்க உளவுத்துறையே 2013இல் வெளியான ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்தக் காயத்தின் நினைவோடுதான் 1979இன் சட்ட வரைவாளர்கள் அமர்ந்தார்கள். தலையீடு என்ற சொல் அவர்களுக்கு ஏட்டுச் சொல்லாக இருந்திருக்க முடியாது. அமெரிக்கத் தூதரகப் பணயக் கைதிகளை விடுவிக்க 1980 செப்டம்பரில் ஆயத்துல்லாஹ் கொமைனீ விதித்த நிபந்தனைகளில் ஒன்று, அமெரிக்கா இனி ஈரானின் விவகாரங்களில் தலையிடலாகாது என்பது. 1981 ஜனவரி 19இல் கையெழுத்தான அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே அந்த உறுதிமொழி இடம்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு தேதியையும் நோக்க வேண்டும். ஈரானின் மஜ்லிஸ் தன் நிபந்தனைகளை அறிவித்தது 1980 நவம்பர் 2ஆம் நாள். அமெரிக்கர்கள் வாக்களித்தது நவம்பர் 4ஆம் நாள். மஜ்லிஸ் அமெரிக்கத் தேர்தலைக் கருதித்தான் அந்நாளைத் தேர்ந்தது என்று கூற நம்மிடம் ஆதாரமில்லை. ஆயினும் தன் ஒவ்வொரு அசைவும் இன்னொரு நாட்டின் வாக்குச்சாவடியில் எதிரொலிக்கும் என்பதைத் தெஹ்ரான் அந்த வாரத்தில் கண்கூடாகக் கண்டுகொண்டது.

இரண்டாம் பாதியின் வேர் வேறு. அதே அரசியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உங்கள் சமுதாயம் ஒரே சமுதாயம் எனப் பொருள்படும் அன்பியா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தை முன்வைத்து, முஸ்லிம்கள் அனைவரும் ஒரே உம்மத் என்கிறது. 152ஆம் பிரிவு முஸ்லிம்கள் அனைவரின் உரிமையையும் காப்பதை வெளியுறவுக் கொள்கையின் அடிப்படைகளுள் ஒன்றாக வைக்கிறது. இவற்றை ஒருங்கே வாசிக்கும்போது, சமய அரசு தன் மனத்தில் வைத்திருக்கும் நிலப்படம் நமக்குப் புலனாகும். அதில் இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. ஒன்று சுங்கச்சாவடியும் கடவுச்சீட்டும் உள்ள கோடு. மற்றொன்று நம்பிக்கையாளரின் சமூகம் எங்கே முடிகிறதோ அங்கே முடியும் கோடு. முதற்கோட்டின்படி பஸ்ராவில் நடக்கும் தேர்தல் அயல்நாட்டுத் தேர்தல். இரண்டாவதன்படி அது நம் வீட்டுத் தேர்தல். தன் வீட்டில் ஒருவன் செய்வதற்குத் தலையீடு என்று பெயரில்லை. சமய அரசுகள் அயல்நாட்டுத் தேர்தலைப் பற்றிக் கொண்டிருக்கும் பார்வையின் உள்ளீடு இதுவே என்பது என் கருத்து. அவை தலையீட்டை நியாயப்படுத்துவதில்லை. தாங்கள் செய்வதைத் தலையீடாகவே அவை காண்பதில்லை.

இது இஸ்லாத்துக்கோ ஷீஆ மரபுக்கோ உரிய தனிக்குணம் என எவரும் கருதிவிடலாகாது. 1929இல் இத்தாலியும் போப்பாண்டவரின் ஆட்சிப்பீடமும் லாத்தரன் உடன்படிக்கையைச் செய்துகொண்டன, வத்திக்கான் தனியரசாயிற்று. அதனுடன் கையெழுத்தான சமய ஒப்பந்தத்தின் 43ஆம் பிரிவில், இத்தாலியக் குருமார் எந்த அரசியல் கட்சியிலும் சேர்வதையும் பணியாற்றுவதையும் போப்பாண்டவரின் பீடம் தடுத்திருந்தது. கத்தோலிக்க இயக்கம் என்னும் பொதுநிலையினர் அமைப்பும் கட்சிகளுக்கு அப்பால் இயங்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1948 ஏப்ரல் 18இல் இத்தாலியில் பொதுத்தேர்தல். கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் ஒரே அணியாக நின்றார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் லூயிஜி ஜெத்தா என்பவரின் தலைமையில் குடிமக்கள் குழுக்கள் தோன்றின. சட்டப்படி அவை கத்தோலிக்க இயக்கத்தின் பகுதி அல்ல. ஆட்களும் பங்குகளும் மேடைகளும் பெரும்பாலும் அதனுடையவையே. பன்னிரண்டாம் பயஸ் மார்ச் 10ஆம் நாள் உரோமைக் குருமாருக்கு ஆற்றிய உரையில், சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ வாக்களிக்காமல் இருப்பது பெரும்பாவம் என்றார். எந்தக் கட்சியின் பெயரையும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குகள் பெற்றது. அமெரிக்க உளவுத்துறையும் அக்கட்சிக்குப் பணம் கொடுத்தது என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. ஆகவே வெற்றி முழுவதையும் வத்திக்கானின் கணக்கில் எழுதிவிட முடியாது. நமக்கு வேண்டியது 43ஆம் பிரிவு என்னவாயிற்று என்பதே. எவரும் அதைக் கிழித்தெறியவில்லை. ஆன்மாக்களை இறைமறுப்பிலிருந்து காப்பது அரசியல் ஆகாது என்ற ஒரு விளக்கத்தின் நிழலில் அது உறங்கிக்கொண்டிருந்தது.

154ஆம் பிரிவின் முதற்பாதியும் இராக்கில் இவ்வாறுதான் உறங்கியது.

2003இல் அமெரிக்கப் படையெடுப்பு ஸத்தாம் ஹுஸைனின் ஆட்சியை வீழ்த்தியது. எட்டாண்டுப் போரைத் தங்கள்மேல் தொடுத்தவர் அகன்றதில் ஈரானியர் மகிழ்ந்தனர். அடுத்த வாசலில் ஒன்றரை இலட்சம் அமெரிக்கப் படையினர் வந்து அமர்ந்ததில் அவர்கள் அஞ்சினர். இரண்டு உணர்வுகளும் இயல்பானவை. அதே வேளை, இராக்கின் தேர்தல் களத்தில் இறங்கிய கட்சிகளில் ஒன்றான இஸ்லாமியப் புரட்சி உச்ச மன்றம் 1982இல் ஈரானிய மண்ணில் உருவானது. ஸத்தாமின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களுக்குத் தஞ்சமளித்தது ஈரான், அது அறமே. தஞ்சமளித்தவன் பின்னாளில் விருந்தினரின் வீட்டுத் திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பின் இன்னொரு பக்கம்.

2010 மார்ச் தேர்தல் இதன் முதல் பெருஞ்சோதனை. வாக்கெடுப்புக்கு முன்பே, பாஸ் கட்சித் தொடர்பு என்ற காரணத்தால் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் தடைசெய்யப்பட்டனர். தடைவிதித்த ஆணையத்தின் பொறுப்பிலிருந்தோர் ஈரானின் செல்வாக்குக்கு உட்பட்டவர்கள் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி குற்றஞ்சாட்டினார். குற்றஞ்சாட்டியவரே ஆக்கிரமிப்புப் படையின் தலைவர் என்பதை நாம் மறக்கலாகாது. வாக்கெடுப்பில் இயாத் அல்லாவியின் இராக்கிய்யா அணி 91 இடங்களும் நூரி அல்மாலிகீயின் அணி 89 இடங்களும் பெற்றன. மற்றொரு ஷீஆக் கூட்டணிக்கு 70 இடங்கள் கிடைத்தன. மிகப் பெரிய அணி என்பது தேர்தலுக்குப் பின் மன்றத்தில் அமையும் கூட்டணியையும் குறிக்கும் என நீதிமன்றம் விளக்கமளித்தது. பல மாத இழுபறியின்போது முக்ததா அஸ்ஸத்ர் ஈரானின் கும் நகரில் தங்கியிருந்தார். மாலிகீயைக் கடுமையாக எதிர்த்துவந்த அவர், அக்டோபரில் அவருக்கே ஆதரவளித்தார். டிசம்பரில் மாலிகீ மீண்டும் பிரதமரானார். அக்கூட்டணியைத் தைத்து முடித்த கைகளுள் தளபதி காஸிம் ஸுலைமானீயின் கையும் ஒன்று என்பது இராக்கில் அனைவரும் அறிந்த செய்தி. வாக்காளர் இரண்டாமிடத்தில் நிறுத்தியவரை அண்டை நாடு முதலிடத்துக்குக் கொண்டுவந்ததென்று அல்லாவியின் ஆதரவாளர்கள் கருதினால் அவர்களைக் குறைகூற இயலாது. அவர்களில் பெரும்பாலோர் சுன்னிகள். வாக்குப்பெட்டியால் தங்களுக்கு எதுவும் கிட்டாது என்ற அவர்களுடைய கசப்பை அடுத்த சில ஆண்டுகளில் எவர் அறுவடை செய்தார்கள் என்பதை 2014இன் மோஸுல் காட்டியது.

2018இல் நடந்தது இன்னும் தெளிவானது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஈரான் தலைவரின் ஆலோசகர் அலீ அக்பர் வெலாயதீ பக்தாதுக்கு வந்திருந்தார். தாராளவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஆட்சிக்குத் திரும்ப இஸ்லாமிய விழிப்புணர்ச்சி இடங்கொடாது என்று அங்கே பேசினார். மூன்றே மாதங்களில் தேர்தல். அக்களத்தில் ஸத்ரின் கட்சியினரும் இராக்கிய கம்யூனிஸ்டுகளும் ஸாயிரூன் என்ற ஒரே அணியாக நின்றார்கள். இராக்கியர் பலர் கண்டனம் எழுப்பினர். அப்பேச்சின் எழுவாயைக் கவனியுங்கள். ஈரான் இடங்கொடாது என்று அவர் சொல்லவில்லை. இஸ்லாமிய விழிப்புணர்ச்சி இடங்கொடாது என்றார். நாட்டின் பெயர் மறைந்து நம்பிக்கையின் பெயர் வந்து அமர்கிறது. 154ஆம் பிரிவின் முதற்பாதியைத் தாண்டும் வழி இந்த எழுவாய் மாற்றத்தில்தான் இருக்கிறது. மே மாதத்தில் ஸாயிரூன் 54 இடங்களோடு முதலிடம் பெற்றது. தெஹ்ரானுக்கு நெருக்கமான ஃபத்ஹ் அணி இரண்டாமிடத்தில் நின்றது.

பின்னர் 2019 அக்டோபர். வேலையின்மையையும் ஊழலையும் எதிர்த்து வீதிக்கு வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஷீஆக்கள். கர்பலாவில் ஈரானியத் துணைத் தூதரகம் தாக்கப்பட்டது; நவம்பர் 27ஆம் நாள் நஜஃபில் அது எரிக்கப்பட்டது. ஈரானே வெளியேறு என்ற முழக்கம், இமாம் அலீ (ரலி), இமாம் ஹுஸைன் (ரலி) ஆகியோர் அடங்கியுள்ள நகரங்களிலேயே எழுந்தது. அப்போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். தூதரகத்தை எரிப்பதை எவரும் போற்ற முடியாது. ஆனால் அந்த இளைஞர்களை அமெரிக்கக் கைக்கூலிகள் என்று ஒதுக்கியவர்கள், தங்கள் நிலப்படத்தின் இரண்டாம் கோட்டுக்குள் வாழ்வோருக்கும் சொந்த விருப்பம் ஒன்று உண்டு என்பதைக் காண மறுத்தார்கள். 2021இல் ஸத்ர் 73 இடங்கள் பெற்றார். ஃபத்ஹ் 17க்கு இறங்கியது. அப்போது ஸத்ர் எடுத்துக்கொண்ட முழக்கம், கிழக்குமல்ல மேற்குமல்ல என்பது. ஈரானியப் புரட்சியின் முழக்கமே அது. தெஹ்ரானில் வெளியுறவு அமைச்சகத்தின் வாயிலில் பொறிக்கப்பட்டிருப்பது. இராக்கியர் வாயில் கிழக்கு எனப்பட்டது ஈரான்.

சவூதி அரேபியாவைப் பற்றியும் ஒரு சொல். 2009 ஜூனில் லெபனானில் நடந்த தேர்தலில் அது தனக்கு வேண்டிய அணிக்குப் பெரும் பணம் செலவிட்டதென்று அப்போதே செய்திகள் வந்தன; மறுபக்கம் ஈரானின் பணம் பேசப்பட்டது. அங்கே கோட்பாடு எதுவும் எடுத்துரைக்கப்படவில்லை. திறனாய்வுக்குரிய உரை இல்லாத இடத்தில் திறனாய்வாளன் நெடுநேரம் நிற்பதற்கில்லை.

இனி வழக்கமாக எழும் மறுப்பு: எல்லாரும்தானே செய்கிறார்கள்? உண்மை. 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், பின்னர் ரஷ்யாவும், பிற நாட்டுத் தேர்தல்களில் 117 முறை தலையிட்டதாகவும், அவற்றில் 81 அமெரிக்காவினுடையவை என்றும் தோவ் லெவின் என்ற அறிஞர் தொகுத்துள்ளார். வல்லரசுகள் தங்கள் நலனை முன்னிட்டு இவ்வாறு செய்கின்றன. அவற்றின் வாயில் ஜனநாயகம் என்ற சொல் எவ்வளவு மலிந்துவிட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் தன்னை இஸ்லாமியக் குடியரசு என்று அழைத்துக்கொள்ளும் அரசு அமெரிக்காவை அளவுகோலாகக் கொள்ளும்போது, தன் பெயரிலுள்ள முதற்சொல்லைக் கீழே வைத்துவிடுகிறது. அதற்கு அளவுகோல் வேறிடத்தில் உள்ளது.

அன்ஃபால் அத்தியாயத்தின் 72ஆம் வசனத்தை இது தொடர்பாக நம்மவர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஹிஜ்ரத் செய்யாமல் தங்கிவிட்ட நம்பிக்கையாளர்கள் மார்க்கத்தின் பொருட்டு உதவி கேட்டால் உதவுவது கடமை என்று அது பணிக்கிறது. உடனே விலக்கும் கூறுகிறது: உங்களுக்கும் எவர்களுக்கும் இடையே உடன்படிக்கை இருக்கிறதோ அவர்களுக்கு எதிராக அன்று. நம்பிக்கையாளரே வாய்திறந்து உதவி கேட்கும் நிலையிலும், நம்பிக்கை கொள்ளாதாரோடு செய்த உடன்படிக்கை முன்னே நிற்கிறது. 154ஆம் பிரிவின் இரண்டு பாதிகளும் இவ்வசனத்தில் இருக்கின்றன. எது எதற்கு அடங்க வேண்டும் என்ற தீர்ப்பும் உடன் இருக்கிறது. சட்ட வரைவாளர்கள் முதலிரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதைத் தெளிவுபடுத்தாமல் விட்டதுதான் அப்பிரிவின் குறை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு வலிமிக்க சான்றுண்டு. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் குறைஷியரோடு உடன்பாடு எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் அபூஜந்தல் (ரலி) விலங்கு பூட்டிய கால்களோடு வந்து விழுந்தார். குறைஷியரின் சார்பில் பேசவந்த ஸுஹைலின் மகன் அவர். நம்பிக்கையாளர்களிடம் தம்மைக் காக்குமாறு வேண்டினார். தோழர்களின் உள்ளம் கொதித்தது. ஆயினும் உடன்பாட்டின்படி அவர் திருப்பியனுப்பப்பட்டார். பத்ருப் போரின்போது குறைஷியர் ஹுதைஃபா இப்னு அல்யமானிடமும் (ரலி) அவர் தந்தையிடமும் போரில் சேரமாட்டோம் என்ற வாக்கைப் பெற்றே விடுவித்தார்கள் என்பதும், அவ்வாக்கை நிறைவேற்றும்படி நபியவர்கள் இருவரையும் பணித்தார்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. ஆள்பலம் குறைந்திருந்த போர் அது.

இவ்வசனம் வேற்றுச் சமயத்தாரின் கீழ் வாழும் முஸ்லிம்களைப் பற்றியதன்றோ, முஸ்லிம் பெரும்பான்மை நாடாகிய இராக்குக்கு இதை எவ்வாறு பொருத்துவது என்று ஒருவர் வினவலாம். நேர்மையான வினா. உடன்படிக்கையை மீறலாகாது என்ற கட்டளை நம்பிக்கை கொள்ளாதார் விஷயத்திலேயே இவ்வளவு உறுதியானால், உடன்பிறப்புகள் விஷயத்தில் இன்னும் உறுதி பெறும் என்பதே கியாஸின் வழி. உடன்படிக்கைக்கும் குறைவில்லை. உறுப்பு நாடுகள் ஒன்றின் உள்விவகாரத்தில் மற்றொன்று தலையிடுவதில்லை என்ற கொள்கை இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் 1972ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே உண்டு. 2008இன் திருத்திய சாசனத்திலும் உண்டு. ஈரானும் இராக்கும் சவூதி அரேபியாவும் லெபனானும் அதன் உறுப்பினர்கள்.

அமெரிக்கத் தேர்தல் வேறு வகை. அங்கே சகோதரத்துவ வாதத்துக்கு இடமில்லை, பகைமை வெளிப்படையானது. 2020 நவம்பரில், அப்போது ஈரானின் தலைவராயிருந்த ஆயத்துல்லாஹ் காமெனயீ, அங்கு எவர் வந்தாலும் போனாலும் தங்கள் கொள்கை மாறாது என்றார். 2021 மார்ச்சில் வெளியான அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடோ, டிரம்பின் மறுதேர்வைக் குலைக்க ஈரான் மறைமுகப் பிரசாரம் நடத்தியதாகக் கூறியது. ஓர் அமெரிக்கத் தீவிர வலதுசாரிக் குழுவின் பெயரில் வாக்காளருக்கு மிரட்டல் மின்னஞ்சல்கள் சென்றதும், அதற்காக ஈரானியர் இருவர்மீது வழக்குப் பதிவானதும் அதே தொடரைச் சார்ந்தவை. ஈரான் மறுத்தது. குற்றச்சாட்டு மெய்யெனக் கொண்டால் எழும் கேள்வி ஃபிக்ஹு சார்ந்தது. போர் என்பது சூழ்ச்சி என்ற நபிமொழியைச் சிலர் இங்கே இழுத்து வருவர். அது போர்க்களத்தில் எதிரிப் படைக்கு எதிரானது. வேறொருவரின் பெயரைப் பூண்டு, வாக்களிக்கப் போகும் சாதாரணக் குடிமக்களை அச்சுறுத்துவதற்கு அந்நபிமொழியில் அனுமதி தேடுவது, அறிஞர்கள் அதற்கு வகுத்த எல்லையை அழிப்பதாகும். பகைவன் என்பதாலேயே ஒரு நாட்டின் வாக்காளர் அனைவரும் படைவீரர் ஆகிவிடுவதில்லை.

மீண்டும் இராக்குக்கே வருவோம். நஜஃபின் ஒரு குறுகிய சந்தில் வாழ்ந்துவந்த ஆயத்துல்லாஹ் அலீ அஸ்ஸீஸ்தானீயின் கதையைச் சொல்லாமல் இப்பொருள் முற்றுப்பெறாது. அவரும் பிறப்பால் ஈரானியர். மஷ்ஹதில் பிறந்து 1950களின் தொடக்கத்தில் நஜஃபுக்கு வந்தவர். இராக்கின் அரசியல் சட்டத்தை அமெரிக்கர் நியமிப்போர் எழுதக்கூடாது, மக்கள் தேர்ந்தெடுப்போரே எழுத வேண்டும் என்று 2003 ஜூனில் ஃபத்வா அளித்தார். 2005 ஜனவரித் தேர்தல் அந்த உறுதியின் விளைவு. அத்தேர்தலில் 169ஆம் எண் பட்டியலை உருவாக்கியதில் அவருடைய ஆட்களுக்குப் பங்கிருந்தது. அவருடைய படத்தைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். அப்பட்டியல் 275 இடங்களில் 140 பெற்றது. எனவே அவரையும் நாம் இவ்விசாரணையிலிருந்து எளிதில் விடுவித்துவிட முடியாது. அரசு அவரிடம் இல்லை, படையில்லை, தூதரகமில்லை என்பது பெரிய வேறுபாடு. அதனினும் பெரியது, அவர் கண்டு கற்றுக்கொண்டு விலகியது. 2010இல் எப்பட்டியலுக்கும் அவர் ஆதரவளிக்கவில்லை. 2018 மே 4ஆம் நாள் கர்பலா ஜும்ஆவில் படிக்கப்பட்ட அவருடைய அறிக்கை, வேட்பாளர் அனைவரிடமும் ஒரே தொலைவில் நிற்பதாகக் கூறியது. பணத்தாலோ வேறு வகையாலோ வெளிநாடுகள் தேர்தலில் தலையிடுவதைத் தடுப்பதும் அதற்குரிய தண்டனையைக் கடுமையாக்குவதும், நேர்மையான தேர்தலுக்குரிய நிபந்தனைகளுள் இரண்டு என்றும் அது எண்ணியது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. 2019 டிசம்பரில் புதிய பிரதமரைத் தேர்வதில் வெளியார் தலையீடு கூடாதென்று அவர் மீண்டும் சொன்னபோதும் பெயர் எதுவும் இல்லை.

2005 ஜனவரி 30ஆம் நாள், அவருடைய சொல்லுக்கிணங்க இலட்சக்கணக்கானோர் குண்டுவெடிப்புகளுக்கிடையே வரிசையில் நின்று வாக்களித்து, மைதோய்ந்த விரலை உயர்த்திக் காட்டினார்கள். ஸீஸ்தானீ வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அம்மண்ணில் வாழ்ந்தும் அவர் இராக்கியக் குடிமகன் ஆகியிருக்கவில்லை. ஆகையால் அங்கே வாக்குரிமை தமக்கில்லை என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன.